குடல்வாலின் வாசலில்

குடல்வாலில் வளர்ச்சி கண்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். தாதியர் கல்லூரியில் படித்த காலத்தில் இதை ஒரே வரியில் எழுதிப் புள்ளி வாங்கினோம், பிறகு மறந்துபோனோம். அந்த வரி எப்போதும் உண்மையல்ல என்பதை என் சேவையின் கடைசி ஆண்டுகளில் பக்கத்தில் நின்று கண்டேன். கட்டியை அறுக்கும் சுருக்குக் கம்பியின் பிடி அப்போது என் கையில்தான் இருந்தது.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன கிழமை கஜனி தொலைபேசி எடுத்தாள். எங்கள் வைத்தியசாலையின் கமராப் பிரிவில் இப்போது வேலை செய்கிற தாதி அவள்.

"மிஸ், குடல்வால் வாயில வளர்ந்த கட்டி ஒண்டு எங்களிட்ட வந்திருக்கு. அந்த அக்கராயன் அம்மான்ர கேசைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். ஆளுக்கொரு மாதிரிச் சொல்லினம். நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

அக்கராயன் என்ற ஊரில் இருக்கும் அந்த அம்மாவிடம், எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். பெயரை மட்டும் மாற்றி, லெட்சுமி என்று எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த இடம் உருத்திரபுரம். யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடித்து, துணுக்காய்ப் பக்கத்தில் முதல் நியமனம். மின்சாரம் இல்லாத அந்த வைத்தியசாலையில் பிரசவமும் பாம்புக்கடியும் மலேரியாவும்தான் எங்களுக்கு நாளாந்த வேலை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வவுனியாவில் இருந்தேன். வன்னிக்குள்ளிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வயிற்றுக் காயங்களுக்குக் கட்டு மாற்றினேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. எல்லாம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய சில ஆண்டுகளின் பின் எங்கள் வைத்தியசாலைக்குக் கமரா வந்தது. சனங்கள் அதைக் "கமரா விட்டுப் பாக்கிறது" என்பார்கள். விரல் தடிப்பில் வளையக்கூடிய ஒரு குழாய், அதன் நுனியில் வெளிச்சமும் கமராவும் இருக்கும். மலவாசல் வழியாக உள்ளே விட்டுப் பெருங்குடலின் தொடக்கம் வரை பார்க்கலாம். அந்தக் குழாயினுள்ளே ஒரு துளை ஓடும். அதன் வழியாக ஊசியும் இடுக்கியும் சுருக்கும் போய்வரும்.

பயிற்சிக்காக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பிரிவுக்குப் பொறுப்பாக டொக்டர் தவமலர் வந்திருந்தார். வவுனியாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர், என்னைவிடப் பல வயது இளையவர். கட்டையான ஆள் என்பதால் ஒரு பலகை மேடையில் ஏறி நின்றுதான் வேலை செய்வார். வேலை நேரத்தில் அவரிடமிருந்து "நல்லது" என்றோ "பிழை" என்றோ ஒரு வார்த்தை வராது. ஒன்று மட்டும் சொல்வார்: "நிற்பம்." அதைக் கேட்டதும் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடி கையை நிறுத்திவிட வேண்டும். அவர் திரையைப் பார்ப்பார். சில வேளை அடுத்த சொல் "செய்வம்" என்று வரும். சில வேளை "காணும், வெளியால எடுப்பம்" என்று வரும், போதும், குழாயை வெளியே எடுப்போம் என்று அர்த்தம். இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

சுருக்கு என்பது மெல்லிய கம்பியாலான ஒரு கண்ணி. கட்டியின் அடியில் அதைப் போட்டு இறுக்கினால் கட்டி அறுந்து வரும். டொக்டர் குழாயைப் பிடித்திருப்பார். கண்ணியைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்தில் நிற்கும் தாதியின் கை. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் சுருக்கை வெளியில் வைத்து முழுதாக மூடச் சொல்வார். பிடி எந்த இடத்தில் வந்து நிற்கிறதோ அங்கே பேனையால் ஒரு கோடு போடுவார். உள்ளே கட்டியைப் பிடித்து மூடும்போது பிடி அந்தக் கோட்டுக்கு வெகு முன்னால் நின்றுவிட்டால், கண்ணிக்குள் கட்டியோடு குடற்சுவரும் சேர்ந்து அகப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இழுத்து அறுத்தால் குடல் ஓட்டையாகிவிடும்.

பெருங்குடல் ஒரு பையாகத்தான் தொடங்குகிறது. அந்தப் பையின் அடியில் குடல்வாலின் வாய் இருக்கிறது, துணியில் பொத்தான் துளை தைத்தது போல. பையின் சுவர் அந்த இடத்தில் மிகவும் மெல்லியது. வாய்க்குள் கமரா போகாது. ஆகவே கட்டி வாயின் ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, உள்ளேயும் இறங்கியிருக்கிறதா என்பதை அறிவதுதான் முழுக் கஷ்டமும்.

அப்படி நாங்கள் கண்ட முதலாவது ஆள் முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் பெரியவர். பல வருடம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கடையை மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கமராவாலேயே எடுத்துவிடலாம் என்று நம்பி வந்தவர். டொக்டர் உள்ளே பார்த்தார். கட்டியின் ஒரு ஓரம் வாய்க்குள் இறங்கி மறைந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்தும் முடிவு தெரியவில்லை. "நிற்பம்" என்றார். பிறகு குழாயை வெளியே எடுத்துவிட்டார்.

பெரியவருக்குக் கோபம். "வெட்டில்லாம எடுக்கலாமெண்டுதானே டொக்டர் சொன்னீங்க?"

"ஓம் ஐயா, சொன்னனான். ஆனா அதின்ர மற்ற முனை எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லை. காணாததை நான் வெட்ட மாட்டன்."

பிறகு டொக்டரே வயிற்றில் வெட்டிக் குடல்வாலை அடியோடு எடுத்தார். கட்டி அதற்குள் பாதித் தூரம் ஓடியிருந்தது. பெரியவர் சுகமாகி, ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் பிரிவுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் அறையில் யாரும் "நிற்பம்" என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளித்ததில்லை.

லெட்சுமி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஐம்பதைத் தாண்டியவர். தாய்தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். லெட்சுமி பிறந்து வளர்ந்தது அக்கராயனில் என்றாலும் வீட்டுப் பேச்சின் சாயல் நாக்கில் அப்படியே இருந்தது. கணவர் மாரிமுத்துவும் அவரும் குளத்துக்குக் கீழே குத்தகைக்கு வயல் செய்தார்கள். களை பிடுங்கும்போது மயங்கி விழுந்ததால் இரத்தம் பார்த்தார்கள். இரத்தம் குறைவு என்பதால் எங்களிடம் அனுப்பினார்கள். கமராவில் குடல்வாலின் வாயில் ஒரு கட்டி தெரிந்தது, பெருவிரல் நகத்தின் அளவு. இரத்தக் குறைவுக்குக் காரணம் அதுவல்ல, கொக்கிப்புழுவும் சாப்பாட்டுக் குறைவும்தான் என்பது பிறகு தெரிந்தது. கட்டி தற்செயலாகக் கண்ணில் பட்டது. சிறு துண்டு எடுத்து அனுப்பினோம். இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை, விட்டுவைத்தால் ஆகக்கூடிய வகை என்று பதில் வந்தது.

கமரா விடும்போது வழக்கமாகப் போடும் மயக்க ஊசியை அந்த முதல் நாளே லெட்சுமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோகும் என்றேன். "நோகட்டுங்க மிஸ். தூங்க மட்டும் வச்சிறாதீங்க" என்றார். காரணம் கேட்கவில்லை. சிலர் அப்படித்தான்.

வயிற்றைப் பார்த்தபோது நெஞ்சுக்குக் கீழேயிருந்து அடிவயிறு வரை பழைய வெட்டுத் தழும்பு. கடைசி யுத்தத்தில் செல் குண்டு விழுந்து, பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய ஒரு வைத்தியசாலையில் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. சொல்வதற்கு ஆளும் இல்லை. வலது இடுப்பெலும்பைச் சுற்றி இன்னும் செல் துண்டுகள் இருந்தன. அதனால் ஸ்கான் எடுத்தும் பயனில்லை. இரும்பு இருக்கும் இடத்திலிருந்து படம் முழுக்க வெள்ளைக் கீறல்கள். குடல்வால் இருக்கவேண்டிய இடம் சரியாக அந்தக் கீறல்களுக்குள்.

கட்டியை எடுக்கக் குறித்த நாளில் டொக்டர் வழக்கமான முறையில் தொடங்கினார். கட்டியின் ஓரத்தில் ஊசியால் நீல மருந்து கலந்த திரவத்தை ஏற்றுவது. குடற்சுவரிலிருந்து கட்டி கொப்புளம் போல மேலெழும்பும், சுருக்கைப் போட இலகுவாக இருக்கும். ஓரம் எழும்பியது. நடுப்பகுதி எழும்பவில்லை. ஏதோ ஒன்று கீழே பிடித்து வைத்திருப்பது போல அங்கேயே குழிந்து கிடந்தது.

"நிற்பம்" என்றார் டொக்டர்.

எழும்பாத கட்டிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. புற்றுநோய் வேர் விட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். அல்லது அந்த இடத்தில் பழைய தழும்பு ஏதாவது இருக்கலாம். எது என்று பார்வைக்குத் தெரியாது.

"காணும், வெளியால எடுப்பம்" என்றார்.

அன்று பின்னேரம் வாட்டில் லெட்சுமியின் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, டொக்டர் விளங்கப்படுத்தினார். மாரிமுத்து தலைமாட்டில் நின்றார். வயிற்றைத் திறந்து அந்தப் பகுதியை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் பழைய வெட்டினால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது கிழியக்கூடும், சுகப்பட நாளெடுக்கும். அவர் எதையும் மறைக்கவில்லை.

"வேணாங்க டொக்டர்" என்றார் லெட்சுமி. "வெட்டுறதுன்னா மயக்கணும்ல. எனக்கு வேணாம்."

"மயக்காமல் வெட்டேலாது அம்மா."

"தெரியும். அதாலதான் வேணாங்கிறேன்."

டொக்டர் எழுந்து போகவில்லை. லெட்சுமிதான் பிறகு சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அன்னைக்கு என்னைய மேசைல ஏத்தினப்ப எம் புள்ள வெளிய நின்னிச்சுங்க. நாலு வயசு. வசந்தின்னு பேரு. என் தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டு நின்னிச்சு. நான் கண்ணு முழிச்சப்ப ரெண்டு பேரும் இல்ல. வெளிய செல் விழுந்திருக்கு. பொதைச்சும் முடிச்சிட்டாங்க. அவ்வளவு நேரம் என்னைய வச்சி என்னதான் செஞ்சாங்களோ, தெரியல. சீக்கிரமா கட்டி அனுப்பியிருந்தா நாங்க வேற எடத்துக்குப் போயிருப்போம்."

மாரிமுத்து மெதுவாகச் சொன்னார்: "இத இவ யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

லெட்சுமியின் காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து விரித்துவிட்டேன்.

டொக்டர் சொன்னார்: "இன்னொரு வழியில ஒருக்காப் பாக்கலாம். மயக்காமலே. காத்துக்குப் பதிலா தண்ணி விட்டுப் பாக்கிறது. நான் இதைக் குடல்வால் வாயில செய்ததில்லை, வேற இடங்களில செய்திருக்கிறன். தண்ணிக்குள்ள கட்டி மிதந்து வெளியால வந்தால், அடி தெரிஞ்சால், எடுப்பன். தெரியாட்டி எடுக்க மாட்டன். அப்ப நீங்கள் வெட்டுறதுக்குச் சம்மதிக்கத்தான் வேணும். இல்லாட்டி இது ஒருநாள் புற்றுநோயாகும். அதையும் நான் இப்பவே சொல்லிப்போட்டன்."

"அடி தெரியலன்னா யோசிக்கிறேன்" என்றார் லெட்சுமி.

"யோசிக்கிறது காணாது."

லெட்சுமி கணவரைப் பார்த்தார். மாரிமுத்து, "உனக்கு ஏதாச்சும் ஆனா நான் அந்த வயலுக்குத் தனியாத்தான் போகணும்" என்றார். அதற்குப் பிறகு லெட்சுமி, "சரிங்க" என்றார்.

ஊசி ஏற்றிய இடம் ஆறும்வரை சில கிழமைகள் பொறுத்தோம். அந்த இடைவெளியில் டொக்டர் தனக்குப் படிப்பித்த நிபுணர் ஒருவரோடு தொலைபேசியில் கதைத்தார். அவர் வெட்டுவதே சரி என்றாராம். டொக்டர் அதையும் லெட்சுமியிடம் போய்ச் சொன்னார். லெட்சுமி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒருக்காப் பாத்திட்டு, அடி தெரியாட்டி வெட்டுவம் எண்டு சொல்லுறன்" என்றாராம்.

குறித்த நாளில் லெட்சுமியைப் படுக்கவைத்து, இடது தொடையில் மின்தகட்டை ஒட்டினேன். இரத்தம் கசிந்தால் சுட்டு நிறுத்த மின்சாரம் தேவைப்படும். வலது இடுப்பில் இரும்பு இருப்பதால் அந்தப் பக்கம் ஒட்டக்கூடாது. அறுப்பதற்கு மின்சாரம் பாவிப்பதில்லை, வெறுங்கம்பியாலேயே அறுப்பது என்று டொக்டர் முன்னமே முடிவு செய்திருந்தார். மெல்லிய சுவர் சுடுபட்டால் சில நாள் கழித்தும் ஓட்டையாகலாம். சுருக்கை வெளியில் மூடிக் காட்டினேன். பேனையால் கோடு போட்டார். லெட்சுமி, திரை தெரியும்படி தலையணையைத் திருப்பி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

குழாய் பெருங்குடலின் தொடக்கத்தை அடையும்வரை லெட்சுமிக்கு நோவு. என் கைவிரல்களை இறுக்கிப் பிடித்திருந்தார். சுருக்கைப் பிடிக்க வேண்டியிருந்தபோது, "அக்கா, இப்ப கையை விடுங்கோ, எனக்கு வேலை வருது" என்றேன். விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சூடான உப்பு நீரை ஓடவிட்டார். காற்றில் பலூன் போல விறைத்து நிற்கும் குடல் தண்ணீரில் தளர்ந்துபோகும். படம் முதலில் கலங்கியது. கலங்கல் நீரை உறிஞ்சிவிட்டு மறுபடி விட்டார். தெளிந்தது. கட்டி குளத்தில் பாசி அசைவது போல அசைந்தது. வாய்க்குள் இறங்கியிருந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக மிதந்து வெளியே வந்து மடிந்தது. குழாயின் நுனியை டொக்டர் அந்த மடிப்புக்குக் கீழே கொண்டுபோனார்.

குழியின் அடியில் கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"நிற்பம்."

யாரும் அசையவில்லை. டொக்டர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கறுப்பு அசைந்தது. ஒரு முனை நீரில் ஆடியது, மற்ற முனை சுவருக்குள் இருந்தது.

"மிஸ், உங்களுக்கு என்ன மாதிரித் தெரியுது?" என்று கேட்டார். அவர் அப்படி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நூல் போல இருக்கு டொக்டர். பட்டு நூல்."

"ஓம். முடிச்சும் இருக்கு." இடுக்கியை விட்டு அதை மெல்லத் தொட்டுப் பார்த்தார். குழி அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கப்பால் வழி இல்லை. முழு அடியும் தெரிந்தது.

"அது என்னங்க, கறுப்பா?" என்று லெட்சுமி கேட்டார். அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அதை மறந்துபோனோம்.

டொக்டர் கையை அசைக்காமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "அம்மா, உங்களுக்குக் குடல்வால் இல்லை. அண்டைக்கு உங்களை வெட்டின டொக்டர் அதை எடுத்திருக்கிறார். செல் பட்டுக் கிழிஞ்சிருக்கும். எடுத்துப்போட்டு, அடியைச் சுத்தி நூல் ஓட்டி, சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடியிருக்கிறார். அந்தத் தையல்தான் இது. கட்டி எழும்பாமல் பிடிச்சு வச்சிருந்ததும் இந்தத் தழும்புதான். புற்றுநோய் பிடிச்சு வச்ச மாதிரித் தெரியேல்லை."

லெட்சுமி திரையில் அந்த நூலையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்படித் தைக்க எவ்வளவு நேரமாகும்?"

"கொஞ்ச நேரம் எடுக்கும். பாத்துப் பாத்துத்தான் போட வேணும். அவசரத்தில போடுற தையல் இது இல்லை."

"தைக்காம விட்டிருந்தா?"

"நீங்கள் உயிரோட இருந்திருக்க மாட்டீங்கள்."

பின்பு டொக்டர், "செய்வம்" என்றார்.

இடுக்கியால் நூலைப் பிடித்து இழுத்தார். கண்களை மூடித் திறக்கும் நேரம் தயங்கிவிட்டு வந்தது. அதை வெளியே எடுத்து, சிறிய போத்தலில் போட்டேன். பிறகு சுருக்கைக் கட்டியின் மேல் விரித்தோம். "மூடுங்கோ, மெல்ல." மூடினேன். பிடி கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது.

"டொக்டர், கோட்டுக்குக் கன தூரம் இருக்கு."

"தளர்த்துங்கோ."

தளர்த்தினேன். அகப்பட்டிருந்த சுவர் நழுவி விழட்டும் என்று குழாயைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மறுபடி பொருந்த வைத்தார். மூடினேன். இந்த முறை பிடி கோட்டுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. கட்டி மட்டும் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அவர் தலையை ஆட்டினார். இறுக்கினேன். கம்பி எதையோ கடித்துக்கொண்டு போகும் உணர்வு விரலில் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. கட்டி மிதந்தது.

கொஞ்சம் இரத்தம் புகை போல நீரில் பரவி, தானாக நின்றது. மின்சாரம் தேவைப்படவில்லை. ஓரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் துணுக்கு ஒன்று மிச்சம் தெரிந்தது. அதையும் எடுத்தோம். குடல்வால் இருந்திருந்தால், காயத்தின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் கொளுவி போட்டு மூடப் பயந்திருப்போம். வாய் அடைபட்டால் உள்ளே அழுகும். இங்கே அடைபட எதுவும் இல்லாததால் இரண்டு கொளுவி போட்டு மூடினார்.

குழாய் வெளியே வந்ததும் டொக்டர் மேடையிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றி, லெட்சுமியின் தோளில் கை வைத்தார். "முடிஞ்சுது அம்மா."

லெட்சுமி என்னிடம், "அந்த நூலைக் காட்டுங்க மிஸ்" என்றார். போத்தலைக் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு அரைவிரல் நீளம்கூட இராது. முடிச்சுப் பக்கம் மட்டும் கறுப்பு, மற்றது மங்கிச் சாம்பலாகியிருந்தது.

"அவருக்கும் வெளிய செல் விழுற சத்தம் கேட்டிருக்கும்தானே" என்றார்.

"கேட்டிருக்கும்" என்றேன்.

"கேட்டுக்கிட்டேதான் தச்சிருக்காரு." போத்தலைத் திருப்பித் தந்தார். அப்போதுதான் அழுதார். மாரிமுத்துவை உள்ளே கூப்பிட்டேன். அவர் வந்து நின்றார்.

அந்தச் சத்திரசிகிச்சை செய்தவர் யாரென்று டொக்டர் விசாரித்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்த நாட்களில் அங்கே வேலை செய்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வெளிநாட்டில். ஒருவர், "நாங்கள் எத்தினை பேரைத் தைச்சம், எனக்கு முகம் ஒண்டும் ஞாபகம் இல்லை" என்று சொன்னாராம்.

கட்டியின் பரிசோதனை முடிவு சில கிழமைகளில் வந்தது. புற்றுநோய் இல்லை, ஓரம் சுத்தம். ஆனாலும் இப்படியானவர்களை மறுபடி கமரா விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர், லெட்சுமி அதற்காக வந்தார். உடம்பு தேறியிருந்தது. சிறுபோக நெல் நன்றாக விளைந்ததாம். வழக்கம் போல நான் மருந்துத் தட்டில் மயக்க ஊசி இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்.

"மிஸ், இந்தத் தடவ அந்த ஊசியப் போடுங்க" என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் லெட்சுமியைப் பார்த்தேன்.

"உண்மையாவோ அக்கா?"

"ஆமாங்க. போன தடவ ரொம்ப நொந்திச்சு."

போட்டேன். மாரிமுத்து எங்கே நிற்கிறார் என்றோ, எவ்வளவு நேரமாகும் என்றோ அவர் கேட்கவில்லை. கண் செருகியது. குடலில் அந்த இடம் ஒரு வெளிறிய தழும்பாக ஆறியிருந்தது. வேறொன்றும் இல்லை. பார்த்து முடித்து, பக்கத்து அறைக் கட்டிலுக்கு மாற்றினோம். மற்றவர்கள் அந்த ஊசிக்குக் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவார்கள். லெட்சுமி எழும்பவில்லை. நாடி, பிரஷர் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. மயக்கம் எப்போதோ தெளிந்திருந்தது, அவர் சும்மா நித்திரை கொண்டார். வாய் சற்றுத் திறந்து, மெல்லிய குறட்டையோடு.

"எழுப்பட்டோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"விடுங்கோ, படுக்கட்டும்" என்றார்.

பின்னேரம் அடுத்தவருக்குக் கட்டில் தேவைப்பட்ட பிறகுதான் எழுப்பினோம்.